நின்றதற்குக் கூலி

என் தம்பி கென்கிச்சிக்குக் குரோஸே மேஸ்திரி தர வேண்டியிருந்த பாக்கி ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நானூறு யென். மழை நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் தள்ளிவிட்டு, ஒரு மாதம் மண்ணும் பலகையும் சுமந்ததற்கான கூலி. சம்பளத்தன்று எல்லோருக்கும் உறை கொடுத்த மேஸ்திரி, என் தம்பிக்கு மட்டும் ஒரு சீட்டைக் கொடுத்தார். பூசாரிக்கு இவ்வளவு, சாக்கே மது இரண்டு புட்டிக்கு இவ்வளவு, படையல் மீனுக்கு இவ்வளவு, தச்சர்கள் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு இவ்வளவு என்று எழுதி, கூட்டி, கூலியில் கழித்திருந்தார். மிச்சம் சுழி. எனக்கு எழுத்து வந்ததே ஐம்பது வயதுக்கு மேல், இரவுப் பள்ளியில்தான். அதனால் எதையும் மெதுவாகத்தான் படிப்பேன். மெதுவாகப் படித்தும் சுழிதான்.

"கூலியும் செலவும் எப்படி மேஸ்திரி ஒரு யென் பிசகாம ஒண்ணா வருது?" என்று கேட்டேன்.

"தெய்வ காரியம் மசுயோ அக்கா. சரியாத்தான் வரும்."

"இந்தக் கடைசி நானூறு எதுக்கு?"

"உப்பு."

பின்னால் நின்ற ஹட்டா சிரித்தான். ஹட்டா எங்களோடு பலகை சுமக்கிறவன். கெட்டவன் இல்லை, வாய்தான். "பேயை ஓட்டறதுன்னா சும்மாவா அக்கா? மூட்டை உப்பு வேணும்" என்றான். தம்பி என் பக்கத்தில்தான் நின்றான். அவனைத்தான் பேய் என்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதற்காக அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் தம்பியின் கைகள் சும்மா இருக்கும்போது மேலே வந்துவிடும். முழங்கை மடிந்து, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே நிற்கும். மணிக்கட்டிலிருந்து விரல்கள் துவண்டு தொங்கும். குதிகால் தரையில் படாது, விரல் நுனியில்தான் நடப்பான். அவனுடைய ரப்பர் காலணியில் முன்பக்கம் கிழிந்து நான் ஒட்டுப் போட்டிருப்பேன், குதிகால் பக்கம் கடையில் வாங்கிய நாள் போலவே புதுசாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் எங்கள் ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும். படத்தில் வருகிற செத்துப்போன ஆவி அப்படித்தான் நிற்கும். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கால் தரையில் பாவாமல். சின்ன வயதில் அவன் தெருவில் போனால் பிள்ளைகள் வரிசையாகக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போகும். அவன் திரும்பிப் பார்த்து, அவர்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரிப்பான்.

அவனுடைய நாற்பத்தேழு வயதில்தான் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. நகராட்சி அலுவலகத்துப் பெண் எழுதிக் கொடுத்து ஒரு டாக்டரிடம் போனோம். ஆட்டிசம் என்றார். கையைப் பற்றிக் கேட்டேன். "அவரைப் போல இருக்கறவங்க நிறைய பேர் அப்படி வெச்சுப்பாங்க. அவருக்குத் தெரியாமலே நடக்கறது அது. திட்டிப் பிரயோஜனம் இல்லம்மா" என்றார். அம்மா உயிரோடு இருந்த காலமெல்லாம் அந்தக் கையில் மூங்கில் அளவுகோலால் அடித்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்க அவள் இல்லாமல் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

வேலை இடத்தில் இத்தனை வருஷம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம், அங்கே அவன் கை காலியாக இருந்ததே இல்லை. வாளி, பலகை, மண்வெட்டி, ஏதாவது ஒன்று கையில் இருக்கும். கையில் பாரம் இருந்தால் அது எல்லோர் கையையும் போலக் கீழே தொங்கும். காலையில் ரேடியோ போட்டு எல்லோரும் உடற்பயிற்சி செய்யும்போதும் தொல்லை இல்லை. கையைத் தூக்கு, இறக்கு, பக்கவாட்டில் நீட்டு என்று ரேடியோவே சொல்லிவிடுகிறது. அவனுக்கு அது மிகவும் பிடிக்கும்.

நோசே அம்மாவின் வீட்டுக்கு முகட்டு உத்தரம் ஏற்றிய அன்றுதான் எல்லாம் கெட்டது.

நோசே அம்மா புருஷனை இழந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் செத்ததில் வந்த காப்பீட்டுப் பணத்தில்தான் அந்த வீட்டைக் கட்டுகிறார். உத்தரம் ஏறிய சாயங்காலம் நாலு மூலையிலும் சாக்கேயும் உப்பும் தெளித்து, வேலை செய்கிற எல்லோருக்கும் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டிய உறை கொடுப்பது வழக்கம். நாங்கள் வரிசையாக நின்றோம். தம்பி கையில் வாளி இருந்தது. "சாமி முன்னாடி வாளி எதுக்குய்யா, கீழ வை" என்று ஹட்டா அதை வாங்கி ஓரமாக வைத்தான். நான் வரிசையின் அந்தக் கோடியில் இருந்தேன். பார்த்தேன். எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அவன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தலையில் வெள்ளைத் துண்டு. பின்னால் சாரத்தில் கட்டிய துணி காற்றில் ஆடியது. நோசே அம்மா புருஷனின் போட்டோவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்து, "பாருங்க, உங்க வீடு" என்று உத்தரத்துக்கு நேரே காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். இருட்டுகிற நேரத்தில், கூரை இல்லாத வீட்டுக்குள், வெள்ளையில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நுனிக்காலில் ஒருவன் நிற்கிறான்.

அவர் போட்ட சத்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

மறுநாளிலிருந்து அவர் அந்த மனையில் கால் வைக்க மாட்டேன் என்றார். மறுபடி தீட்டுக் கழித்தால் ஒழிய ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. பூசாரி வர வேண்டும், எல்லாம் முதலிலிருந்து. அந்தச் செலவைத்தான் மேஸ்திரி என் தம்பி கூலியில் கழித்துச் சீட்டுக் கொடுத்தது.

எங்களுக்கு வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, எதிரில் வந்தால் பார்க்காத மாதிரி போக ஆரம்பித்திருந்தார். தட்டுகிறவரை பயமில்லை. என் கூலி சோற்றுக்கும் அவன் மருந்துக்கும் சரியாகப் போகும். அந்த ஒரு லட்சத்துச் சொச்சம்தான் வாடகை. அதனால் நான் மேஸ்திரியின் தகரக் கொட்டகைக்கு மறுபடி போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மேஸ்திரி சிகரெட்டை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"எனக்குப் புரியுது அக்கா. நான் என்ன கல்லா? ஆனா நோசே அம்மாகிட்ட போய், பயப்படாதீங்கம்மா அது ஆட்டிசம்னு நான் சொல்ல முடியுமா?"

"சொன்னா என்ன?"

"நீயே சொல்லிப் பாரேன். அந்தம்மா ராத்திரி வெளக்க அணைக்கறதே இல்லையாம்." கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு செய்யலாம். அவங்களே ஒரு வார்த்தை சொன்னாங்க. அந்த ஆள் பூசைக்கு வந்து, மனுஷனா நேரா நின்னு, தலையில தீட்டுக் கழிச்சுக்கிட்டு, குனிஞ்சு வணங்கி மன்னிப்புக் கேட்டா மனசு ஆறும்னு. அப்படி நடந்தா செலவ அவங்களே ஏத்துக்கறாங்களாம். நான் உன் தம்பி காச முழுசா குடுத்துடறேன்."

"உப்புக் காசும்?"

"உப்புக் காசும்தான் தாயே. ஆனா கை கீழ இருக்கணும். கை ஏறிச்சுன்னா கணக்கு முடிஞ்சுது. அப்புறம் எங்கிட்ட வராதே."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். ஊதோன் நூடுல்ஸ் சாப்பிட்டு முடித்து, கிண்ணங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவனைச் சுவரோரமாக நிற்க வைத்தேன்.

"கைய கீழ வை."

வைத்தான். நான் கிண்ணத்தைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள், அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, ஏறியிருந்தது.

"கென், கை எங்க இருக்கு?"

"கீழ."

"குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தான். நெஞ்சுக்கு நேரே தொங்குகிற இரண்டு கையையும் பார்த்துத் திடுக்கிட்டான். "யாருக்கா தூக்கினது?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

கால்சட்டையின் பக்கத் தையலை விரலால் இறுகப் பிடித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தேன். கை நின்றது. ஆனால் குதிகால் எழும்பியது. குதிகாலை ஊன்றச் சொன்னால் கை கிளம்பியது. பழைய பாயில் ஒரு மூலையை அமுக்கினால் மறு மூலை எழும்பும், அந்த மாதிரி. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டுமென்றால் அவனால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. பேசினால் பதில் வராது. வாய்க்குள் "கீழ, கீழ, கீழ" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். கண் ஒரே இடத்தில் நிற்கும். நெற்றியில் வியர்வை ஓடும்.

"எதுவரைக்கும் வெச்சிருக்கணும்?" என்று கேட்டான்.

"நான் விடுன்னு சொல்ற வரைக்கும்."

பூசை முடிகிறவரை அவனை வர வேண்டாம் என்று மேஸ்திரி நிறுத்தியிருந்தார். நான் வேறு மனைக்கு வேலைக்குப் போன பிறகு, பகலிலும் தனியாகப் பழகியிருக்கிறான். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, மத்தியானத்துக்கு நான் பிடித்து வைத்துவிட்டுப் போன சோற்று உருண்டை மேசையில் அப்படியே இருந்தது. அவன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். கால்சட்டைத் தையல் இரண்டு பக்கமும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

"ஏண்டா சாப்பிடல?"

"சாப்பிடக் கை எடுக்கணுமே" என்றான்.

பூசை நாளும் வந்தது. நான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பக்கத்து அறைக்காரரிடம் கறுப்புக் கால்சட்டை இரவல் வாங்கி அவனுக்குப் போட்டுக் கூட்டிப் போனேன். காலை வெயில் நன்றாக இருந்தது. வேண்டுமென்றேதான் பகலில் வைத்திருந்தார்கள். பச்சை மூங்கில் நட்டு, கயிறு கட்டி, நடுவில் மணலைக் குவித்து, அதன் முன்னால் படையல். மீன் பெரிய மீன்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வரிசையில் நின்றோம். ஹட்டா அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"அட, பேயாரே! ராணுவத்துல சேந்துட்டீங்களா?"

தம்பியின் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கீழ, கீழ.

பூசாரி மந்திரம் படித்தார், மணல் மேட்டைச் சுற்றி வந்தார். வெள்ளைக் காகிதம் கட்டிய கோலை ஒவ்வொருவர் தலைக்கு மேலும் வீசினார். தம்பியின் தலைக்கு மேல் மட்டும் இரண்டு தடவை கூடுதலாக வீசினார். தம்பி குனிந்து வணங்கினான், இடுப்பு வளைந்தது, கை தையலை விடவில்லை. குதிகால் தரையில். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு ஆள். அலுவலகத்தில் வேலை பார்க்கிற, குடும்பம் இருக்கிற யாரோ. அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. கோபமாகவும் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

எல்லாம் முடிந்து, மன்னிப்புக் கேட்க அவனை முன்னால் நிறுத்தினேன். நோசே அம்மா போட்டோவை அணைத்துக்கொண்டு வந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்த ஆள் எங்கங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"இவர்தாம்மா."

"இவர் இல்ல."

"இவர்தாம்மா. கென்கிச்சி. இது இவங்க அக்கா."

"குரோஸே, எனக்கு வயசாயிடுச்சு, புத்தி போகல. அன்னைக்கு நின்னவர் தெனம் ராத்திரி என் கண்ணு முன்னாடி வந்து நிக்கறார். எனக்குத் தெரியாதா? இவர் யாரோ நல்லா நிக்கற ஒரு மனுஷன். செலவ எங்கிட்ட வாங்கணும்னு யாரையோ புடிச்சு நிறுத்திட்டீங்க."

மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் தம்பியைப் பார்த்தார். "டேய், தூக்குடா கைய" என்றார்.

தம்பி அசையவில்லை. "தூக்கக் கூடாது. அக்கா சொல்லல" என்றான்.

"அக்கா, சொல்லித் தொலை!"

"தூக்கலாம் கென்" என்றேன்.

"எவ்வளவு?"

"எப்பவும் போல."

"எப்பவும் எப்படி இருக்கும்?"

அவனுக்குத் தெரியாது. எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள், எத்தனை பேர் செய்து காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அதைத் தெரியாத ஒரே ஆள் அவன்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். பூசாரியும் கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லை. நானே என் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, மணிக்கட்டைத் தொங்கவிட்டு, குதிகாலை எழுப்பிக் காட்டினேன். செத்துப்போன மனுஷரின் போட்டோவுக்கு எதிரில், அறுபது வயதுக்காரி.

தம்பி கவனமாகப் பார்த்தான். சாரம் கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்தான். முதலில் முழங்கை. அப்புறம் மணிக்கட்டு. விரல்கள் விறைத்துக்கொண்டு நாலு பக்கம் பிரிந்து நின்றன. பள்ளிக்கூட நாடகத்தில் பேய் வேஷம் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. "சரியாக்கா?" என்று கேட்டான்.

ஹட்டாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் தச்சர்கள். நோசே அம்மா போட்டோவை இறுக்கிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர் முன்னாடி கூத்துக் கட்டறீங்களா?"

"கூட்டிட்டுப் போ அக்கா" என்றார் மேஸ்திரி, என்னைப் பார்க்காமல். "கணக்கு முடிஞ்சுது. போ."

வெளியே வந்தோம். தம்பி மறுபடியும் தையலைப் பிடித்துக்கொண்டே நடந்தான். குதிகாலை ஊன்றி ஊன்றி, சேற்றில் நடக்கிறவன் மாதிரி.

"விட்டுடு கென். முடிஞ்சுடுச்சு."

"விடவா?"

"விடு."

விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன். வேலி ஓரமாகப் போனோம். தெருக் கோடியில் வேறொரு கட்டடத்தில் கிரேன் ஒரு இரும்பு உத்தரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கிரேன் என்றால் உயிர். நின்று அண்ணாந்து பார்த்தான். வாடகையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த நான் அவனைப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு குரல் கேட்டுத்தான் திரும்பினேன். பெரிய சத்தமில்லை. மூச்சு அடைத்துக்கொண்ட மாதிரி.

நோசே அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தேன். பட்டப்பகல் வெயிலில், இரவல் கால்சட்டையில், குதிகால் மேலே, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே மெத்தென்று தொங்க, வாயைத் திறந்துகொண்டு உத்தரம் ஏறுவதைப் பார்த்து நின்றான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"அவர்தான்" என்றார் நோசே அம்மா. போட்டோவை நெஞ்சோடு திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேஸ்திரி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "அதேதான்! அக்கா, இத அங்கயே செஞ்சிருக்கக் கூடாதா? மனுஷன் உசுரை வாங்கிட்டீங்க." சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். காசு ஏற்கெனவே போட்டு ஒட்டியிருந்தது. "அம்மா செலவ ஏத்துக்கிட்டாங்க. எண்ணிக்கோ."

அங்கேயே எண்ணினேன். ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நானூறு. உப்பும் இருந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரணும் மேஸ்திரி?" என்று தம்பி கேட்டான்.

மேஸ்திரி என்னிடம்தான் பதில் சொன்னார். "இந்த மனைப் பக்கமே வரக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க."

"வேற மனை இருக்கே உங்களுக்கு."

"பாக்கலாம் அக்கா. இன்னைக்குப் பசங்க சிரிச்சத நீயே பாத்தியே. இனிமே அவனப் பாத்தாலே சிரிப்பானுங்க. வேல நடக்காது." திரும்பிப் போகும்போது, "நீ வா, உனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

நான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளே போனேன்.

வீட்டுக்கு நடந்தோம். பாலத்தைத் தாண்டியதும் தம்பி கேட்டான்.

"அக்கா, இந்தக் காசு வேல செஞ்சதுக்கா, நின்னதுக்கா?"

"வேல செஞ்சதுக்கு."

"அப்ப ஏன் அன்னைக்கே குடுக்கல?"

உறையை அவன் கையில் கொடுத்தேன். கையில் ஏதோ இருந்ததும் கை தானாகக் கீழே இறங்கியது. எல்லோர் கையையும் போல. தெருவில் எதிரில் வந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தான். நான் அதை வாங்கி, வாடகையை எண்ணிக் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன். மேஸ்திரி தர வேண்டியது அதோடு தீர்ந்தது.

திரும்பிப் பார்த்தபோது தம்பி படிக்கட்டுக்குக் கீழே என்னைப் பார்த்தபடி நின்றிருந்தான். ஒரு கை தையலைப் பிடித்திருந்தது, மற்றது ஏறியிருந்தது.